தெருவில் போகிற வம்பு

தெருவில் போகிற வம்பை விலைக்கு வாங்காதே என்ற அறிவுரையைக் கேட்காமல் வளர்ந்த தமிழர் குறைவு. கேட்டதும் பொருள் விளங்கிவிடுவதால் அந்தத் தொடருக்குள் இருக்கும் காட்சியை யாரும் நின்று பார்ப்பதில்லை. இன்றைய பேச்சில் வம்பு என்றால் சண்டை, சச்சரவு, வேண்டாத தொல்லை. சண்டை மூளும், முற்றும், ஓயும். அது தெருவோடு நடந்து போகாது. ஆனாலும் நம் பேச்சில் வம்பு நடந்தபடியே இருக்கிறது. சிவனே என்று போகிறவனை ஏன் வம்புக்கு இழுக்கிறாய் என்று கேட்கிறோம். அங்கேயும் ஒரு தெரு, அதன் வழியே போகும் ஓர் ஆள், திண்ணையிலிருந்தோ கடைவாசலிலிருந்தோ அவரைச் சீண்டுகிற இன்னொருவர். கிட்டத்தட்ட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல் தமிழில் புழங்கியபோதும் அதற்குள் ஒரு வழி இருந்தது, அதில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார். சங்கப் பாடல்களில் வம்பு என்றால் புதுமை. ஊருக்குப் புதியவராக வழியில் செல்பவர் வம்பலர். புதுமையைக் குறித்த சொல் சண்டையைக் குறிக்க வந்த கதைதான் இங்கே ஆய்வுக்குரியது. அது ஒரு சொல் தேய்ந்து கெட்ட கதை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. சான்றுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், பழி இடம் மாறிய கதையாகவே எனக்குப் படுகிறது. வந்தவர் மேல் ஒட்டியிருந்த சொல் சிறிது சிறிதாக நகர்ந்து, வந்தவரைப் பற்றிப் பேசுகிறவர்களின் வாய்க்கே பெயராகிவிட்டது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் வம்பு என்ற சொல்லைத் தேடினால் புதுமை, நிலையின்மை, மணம், கச்சு, வஞ்சனை, இழிசொல், சண்டை எனப் பல பொருள்கள் வரிசையாக வந்து நிற்கும். இவற்றுள் மார்பில் கட்டும் கச்சைக் குறிப்பது தனிச்சொல்லாக இருக்க வாய்ப்பு மிகுதி, அதை ஒதுக்கிவிடலாம். மிஞ்சியவற்றில் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று உள்ளது தொல்காப்பியத்தில். சொல்லதிகாரத்தின் உரியியல், வம்பு என்பதற்கு நிலையில்லாமை என்றே பொருள் தருகிறது. உரியியல் எல்லாச் சொற்களுக்கும் பொருள் கூறப் புகுந்த இடம் அன்று. கேட்பவருக்கு எளிதில் விளங்காதவற்றுக்கே அங்கு விளக்கம். தொல்காப்பியர் காலத்திலேயே இச்சொல் செய்யுள் வழக்குக்குரியதாக, விளக்கம் வேண்டுவதாக இருந்தது என்று இதிலிருந்து தெரிகிறது. அவர் புதுமை என்று சொல்லாமல் நிலையின்மை என்று சொன்னதையும் மறக்கக்கூடாது. புதுமை என்ற பொருள் உரைகாரர்கள் பின்னால் ஏற்றியதோ என்ற ஐயம் இங்கே எழலாம். இச்சொல் சங்கப் பாடல்களில் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்தால் ஐயம் தெளிகிறது. வம்ப மாரி என்பது பருவம் தப்பிப் பெய்யும் மழை. வம்ப நாரை என்பது எங்கிருந்தோ வந்து புன்னைக் கிளையில் தங்கி எழுந்து போகும் பறவை. வம்பலர் என்போர் ஊர்களுக்கு நடுவே வழியில் இருப்பவர்கள். மூன்றுக்கும் பொதுவான தன்மை ஒன்றுதான். நேற்று இங்கே இல்லை, நாளை இங்கே இருக்கப்போவதும் இல்லை. புதுமையும் நிலையின்மையும் இங்கே இரண்டு பொருள்களாகப் பிரிந்து நிற்கவில்லை. வந்த முனையிலிருந்து பார்த்தால் புதுமை, போகும் முனையிலிருந்து பார்த்தால் நிலையின்மை.

இன்று வழக்கத்துக்கு மாறானதைக் குறிக்க நம் கைக்கு முதலில் அகப்படுவன விசித்திரம், வினோதம், விந்தை போன்ற சொற்கள். விசித்திரம் வடமொழியில் பல நிறம் கலந்ததைக் குறித்தது. வினோதம் அங்கே பொழுதுபோக்கு. தமிழில் அது வேடிக்கையான பொருளுக்கும், அங்கிருந்து புரியாத பொருளுக்கும் நகர்ந்தது. இவை எல்லாம் கண்ணோடு தொடர்புடைய சொற்கள். எதிரே இருப்பது எப்படித் தோன்றுகிறது என்பதே இவற்றின் கேள்வி. வம்பு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பருவம் தப்பிய மழைத்துளியும் பருவ மழைத்துளியும் பார்வைக்கு ஒன்றேதான். புதிதாக வந்த நாரைக்கும் உள்ளூர் நாரைக்கும் இறகில் வேறுபாடு இருக்கத் தேவையில்லை. ஒன்று எப்போது வந்தது, எவ்வளவு நாள் தங்கும் என்ற கணக்கே அதை வம்பு ஆக்கியது. பழந்தமிழரின் அந்நியம் உருவத்தில் இல்லை, காலத்தில் இருந்தது. அதனால்தான் அச்சொல்லில் தொடக்கத்தில் வெறுப்பின் சாயல் கட்டாயமாக இருக்கவில்லை. தங்காதது தங்காதது என்று சொல்லப்பட்டது, அவ்வளவே.

மனிதர்களிடம் வரும்போது நிலைமை சற்றுக் கனக்கிறது. பாலைத் திணைப் பாடல்களில் வம்பலர் பெரும்பாலும் செத்துக் கிடக்கிறார்கள். வழிப்பறி செய்வோர் அம்பெய்து கொன்ற உடல்கள்மேல் கல்லும் தழையும் குவித்து மூடிய பதுக்கைகள் காட்டு வழிநெடுகக் காணப்படுகின்றன. குறுந்தொகையின் 77ஆம் பாடல் அப்படி ஒன்றை அருகே கொண்டுபோய்க் காட்டுகிறது. கொடிய சுரத்தில் மாண்டுபோன வம்பலர் மேல் யாரோ தழைகளை இட்டு மூடியிருக்கிறார்கள். அந்தத் தழைக்குவியல் உயர்ந்த யானை ஒன்று ஒதுங்கி நிற்க நிழல் தருகிறது. யானைக்கு நிழல் விழும் அளவுக்குக் குவியல் உயர வேண்டுமானால், வழியில் வந்தவர்கள் மீண்டும் மீண்டும் தழை பறித்துப் போட்டிருக்க வேண்டும். மாண்டவரின் பெயரோ ஊரோ யாருக்கும் தெரியாது. அவருக்கு மிஞ்சிய ஒரே அடையாளம் வம்பலர் என்ற சொல். போட்டவர்களும் அந்த வழியில் வம்பலர்களே. புதியவர் என்பதில் இழிவு சேராமலே அவலம் சேர முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் கண்டதில்லை.

அரசும் போரும் வரும் பாடல்களில் இச்சொல்லின் முகம் வேறு. மாமூலனார் அகநானூற்றின் 251ஆம் பாடலில் வம்ப மோரியரைப் பாடுகிறார்; மலை வெட்டிய வழியில் அவர்களின் தேர்ச் சக்கரங்கள் உருண்டு வருகின்றன. அதே நூலின் 375ஆம் பாடலில் சோழன் இளம்பெருஞ்சென்னி பாழி என்ற கோட்டையை அழித்து வம்ப வடுகரின் தலைகளை மிதிக்கிறான். வம்ப மோரியரை ஆங்கிலத்தில் பெயர்த்த வரலாற்றாசிரியர் சிலர், திடீரெனத் தலையெடுத்தவர்கள், தகுதிக்கு மீறி உயர்ந்தவர்கள் என்ற தொனி வரும்படி எழுதினார்கள். அவ்வளவு ஏளனம் பாட்டில் இருக்கிறதா என்பது எனக்கு ஐயமே. வடக்கிலிருந்து புதிதாக வந்த படை என்பதற்கு மேல் அச்சொல் அங்கே எதையும் சொல்லியாக வேண்டியதில்லை. ஏளனம் படித்தவர்களின் காலத்து வம்பிலிருந்து பின்னோக்கிச் சென்று ஒட்டிக்கொண்டது என்றே தோன்றுகிறது. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு பாட்டு உதவுகிறது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடிய புறநானூற்றின் 77ஆம் பாடல் அது. களத்தில் நிற்பவன் சிறுவன். காலிலிருந்து கிண்கிணியைக் கழற்றி வீரக்கழல் அணிந்தது அண்மையில்தான். குழந்தைகளுக்குக் காப்பாகக் கட்டும் தாலி இன்னும் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. பால்குடி மறந்து சோறு உண்டது அன்றைக்குத்தான். அவன் மேல் நாலாபக்கமும் சினந்து வருகிறவர்கள் வம்ப மள்ளர். அவர்களைப் பார்த்து அவன் வியக்கவும் இல்லை, இழிவாக எண்ணவும் இல்லை என்று புலவர் சொல்கிறார். வம்பு என்ற சொல்லிலேயே இழிவு ஊறியிருந்தால், அவர்களை அவன் இழிக்கவில்லை என்பதைத் தனியே சொல்ல வேண்டிய தேவையே எழாது. புதியவரைக் கண்டால் மனம் இரண்டு பக்கமும் சாயலாம், வியப்பின் பக்கமும் இகழ்ச்சியின் பக்கமும். சொல் அந்த இரண்டுக்கும் நடுவே, இன்னும் சாயாமல் நிற்கிறது. சாய்ப்பது பார்க்கிறவர் வேலை.

இந்த இடத்தில் வம்புக்கு உடன்பிறந்தது போன்ற இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் ஆய்வு பாதியில் நின்றுவிடும். அது விருந்து. இன்று விருந்து என்றதும் வாழையிலையும் வடை பாயசமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் விருந்து என்பதன் பழம்பொருளும் புதுமைதான். தொல்காப்பியச் செய்யுளியல் நூல்களுக்குரிய வனப்பு எட்டில் ஒன்றை விருந்து என்று குறிப்பது புதிய யாப்பில் புனைந்ததைக் கருதியே. அங்கே சோற்றுக்கும் உபசாரத்துக்கும் இடமில்லை. புதுமை என்ற பொருளிலிருந்து புதிதாக வீட்டுக்கு வந்தவர் என்ற பொருள் பிறந்தது. விருந்தோம்பலுக்குத் திருக்குறள் ஓர் அதிகாரத்தையே ஒதுக்குகிறது. அங்கே விருந்து இன்னும் ஆள்தான், சாப்பாடு இல்லை. ஆக, பழந்தமிழில் புதுமைக்கு இரண்டு சொற்கள் இருந்தன, இரண்டும் புதிதாக வந்த மனிதரையும் குறித்தன. ஒன்று வாசற்படியைத் தாண்டி உள்ளே அழைக்கப்பட்டவருக்கு வாய்த்தது, மற்றது வழியிலேயே நின்றுவிட்டவருக்கு. ஒரே ஆள் காட்டு வழியில் நடக்கையில் வம்பலர், யாராவது கதவைத் திறந்தால் விருந்து. வேறுபாடு அவரிடம் இல்லை. இலத்தீனில் வெளியூராரைக் குறித்த ஹோஸ்டிஸ் என்ற சொல் பின்னர் பகைவரைக் குறித்தது. அதே வேரோடு தொடர்புடைய ஹோஸ்பெஸ் விருந்தினரைக் குறித்தது. நாம் நாள்தோறும் சொல்லும் ஹாஸ்பிடல் அந்த விருந்தினரின் வழியில் வந்த சொல்தான். தமிழில் இரண்டு வேறு சொற்கள் ஏற்றுக்கொண்ட வேலையை அங்கே ஒரு குடும்பத்துச் சொற்கள் பங்கிட்டுக்கொண்டன.

இன்னும் கூர்ந்து பார்த்தால் இரண்டு தமிழ்ச் சொற்களும் பிற்காலத்தில் ஒரே வகையில் நகர்ந்திருப்பது தெரியும். விருந்து வந்தவரை விட்டுவிட்டு, அவருக்காகச் செய்யும் உணவின் மேல் போய் உட்கார்ந்தது. வந்தவரைக் குறிக்க விருந்தாளி, விருந்தினர் என்று ஒட்டுப்போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. வம்பும் வந்தவரை விட்டுவிட்டு, அவரைச் சுற்றி எழும் பேச்சின் மேலும் பூசலின் மேலும் போய் உட்கார்ந்தது. இரண்டிலும் புதியவர் மறைந்துவிட்டார். அவர் வந்ததால் உள்ளூர்க்காரர் செய்த காரியம் மிஞ்சியது. ஒரு வீட்டில் இலை விரித்தார்கள், ஒரு தெருவில் வாய் திறந்தார்கள். வம்பின் பொருள்மாற்றத்தைத் தனியாகப் பார்க்கிறவருக்கு அது சொல்லின் சீரழிவாகத் தோன்றும். விருந்தோடு சேர்த்துப் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே இலக்கண நகர்வு என்பது விளங்கும்.

அந்த நகர்வு நடந்துகொண்டிருக்கும் நிலையைக் காட்டும் ஓரிடம் சிலப்பதிகாரத்தில் உண்டு. நாடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு உறையூரை நோக்கி வந்து ஒரு பூம்பொழிலில் தங்குகிறார்கள். அங்கே வம்பப் பரத்தை ஒருத்தியும், வெற்றுப் பேச்சே தொழிலான வறுமொழியாளன் ஒருவனும் வந்து சேர்கிறார்கள். காமனும் அவன் தேவியும் போல இருக்கும் இவர்கள் யார் என்று கவுந்தியிடம் கேட்கிறார்கள். என் மக்கள், நடந்து களைத்திருக்கிறார்கள், விலகிப் போங்கள் என்ற கருத்தில் அவர் விடை சொல்கிறார். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவியாக வாழ்வதும் உண்டோ என்று அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். கண்ணகி காதைப் பொத்திக்கொண்டு கணவன் முன் நடுங்குகிறாள். கவுந்தி இட்ட சாபத்தால் இருவரும் நரிகளாகி ஊளையிடுகிறார்கள். பின்னர் கோவலனும் கண்ணகியும் இரங்கி வேண்ட, பன்னிரண்டு மாதத்தில் பழைய உருவம் பெறட்டும் என்று சாபத்துக்கு எல்லை வகுக்கப்படுகிறது. இந்தக் காட்சியில் புகாரைவிட்டு வந்து, வழியில் களைத்துக் கிடக்கும் புதியவர்கள் கோவலனும் கண்ணகியும். பழைய பொருளில் வம்பலர் அவர்களே. ஆனால் வம்ப என்ற அடைமொழி அவர்களுக்குப் போகாமல், அவர்களை நோக்கிக் கேள்வி கேட்டவளுக்குப் போயிருக்கிறது. அங்கே அதற்குப் புதியவள் என்றும் பொருள் கொள்ளலாம், நிலையில்லாதவள் என்றும் கொள்ளலாம். எப்படிக் கொண்டாலும் அவள் செய்தது இன்று நாம் வம்பு என்று சொல்கிற அதே செயல். தெரியாத இருவரைப் பார்த்து அவர்களின் உறவை ஊகித்து, அந்த ஊகத்தை உரக்கச் சொன்னாள். இதே கண்ணகி பின்னர் மதுரைப் புறத்தில், கணவன் பிரிந்திருந்த காலத்தில் விருந்தினரை எதிர்கொள்ளும் பேறு தனக்கு இல்லாமல் போனதைச் சொல்லி வருந்துகிறாள். வம்பும் விருந்தும் ஒரே பெண்ணின் வழிநடையில் இப்படிச் சந்திக்கின்றன.

சொல் வந்தவரிடமிருந்து பேசுகிறவரிடம் நகர்வதற்குச் சங்கப் பாடல்களிலேயே ஒரு படிக்கல் கிடக்கிறது. அகநானூற்று நெய்தல் பாடல் ஒன்று ஊரில் எழும் அம்பலுக்கு வம்ப நாரைக் கூட்டத்தின் ஒலியை உவமை சொல்கிறது. காதலைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அது வெளிப்படையாகப் பரவினால் அலர். புதிதாக வந்திறங்கிய பறவைகள் கூட்டமாக எழுப்பும் இரைச்சல் புலவரின் காதுக்கு ஊர்ப்பேச்சாகக் கேட்டிருக்கிறது. வம்பு என்ற சொல்லுக்கு அப்போதே வதந்தி என்ற பொருள் வந்துவிட்டது என்று இதை வைத்து நான் சொல்லவரவில்லை. புதுவரவும் ஊர்ப்பேச்சும் ஒரே மூச்சில் நினைக்கப்பட்டன என்பது மட்டும் தெளிவு.

இதற்கிடையில் இச்சொல்லின் வேறொரு கிளை நேர் எதிர்த்திசையில் தழைத்தது. பக்திப் பாடல்களிலும் காப்பியங்களிலும் பூவோடு சேரும்போதெல்லாம் வம்பு இனித்தது. அங்கே அது புதிதாக அவிழ்ந்த மலரின் மணம். சுந்தரரின் திருத்தொண்டத்தொகையில் ஒரு பாட்டின் முதற்சொல்லைக் கொண்டு சேக்கிழார் பெரியபுராணத்தின் ஒரு பகுதிக்கு வம்பறா வரிவண்டுச் சருக்கம் என்று பெயர் வைத்தார். திருஞானசம்பந்தரின் வரலாறு அந்தச் சருக்கத்தில்தான் வருகிறது. வம்பு அறாத என்றால் புதுமணம் நீங்காத என்று பொருள். இன்று தமிழ் மட்டும் தெரிந்து நிகண்டு தெரியாத ஒருவர் அந்தத் தலைப்பைப் படித்தால், சண்டை ஓயாத வண்டு என்று நினைத்துத் திகைப்பார். ஒரே புதுமை மலரில் மணமாகவும் மனிதரில் ஐயமாகவும் பிரிந்தது கவனத்துக்குரியது. மலர் புதிதாக இருந்தால் முகர்ந்து மகிழ்ந்தோம். மனிதர் புதிதாக இருந்தால் எந்த ஊர், என்ன ஆள் என்று விசாரிக்கத் தொடங்கினோம். பூவின் கிளை பேச்சில் பட்டுப்போய் ஏட்டில் நிற்கிறது, மனிதரின் கிளை பேச்சில் நிலைத்துவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு வரும்போது நகர்வு முழுமையடைந்திருப்பதைப் பார்க்கிறோம். பி.ஆர். ராஜமையர் விவேக சிந்தாமணி இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக எழுதிய கமலாம்பாள் சரித்திரத்தில், ஊர்ப் பெண்கள் கூடிப் பிறர் வீட்டுக் கதையை அலசும் கூட்டத்துக்கு வம்பர் மகாசபை என்று பெயர். சங்கப் பாடலின் வம்பலரையும் நாவலின் வம்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முன்னவர் ஊருக்கு வெளியே நடக்கிறவர், பின்னவர் ஊருக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறவர். முன்னவருக்கு ஊரில் ஒருவரையும் தெரியாது. பின்னவருக்கு எல்லாரையும், எல்லார் வீட்டு அடுப்பையும் தெரியும். ஏறத்தாழ ஒரே சொல், நேர் எதிரான ஆள். இதே தொடர் வெளிவந்துகொண்டிருந்த 1894இல்தான் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் பதிப்பித்தார். தமிழ் வாசகர் கையில் ஒரு பக்கம் வம்பர் மகாசபையும் மறுபக்கம் வம்ப மள்ளரும் ஒரே காலத்தில் வந்து சேர்ந்தன. அந்தப் புறப்பாட்டை இன்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், வம்ப என்றால் சண்டைக்கு வந்த என்று பொருள் இல்லை, புதிய என்று பொருள் என்று நிறுத்திச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று கேள்விகள் எழும், மூன்றும் மதிக்கத்தக்கவை. முதலாவது, சண்டை என்ற பொருளில் வரும் வம்பு வேறு வேரிலிருந்து வந்த தனிச்சொல்லாக இருக்கக்கூடாதா என்பது. மலையாளத்தில் வம்பு என்றால் செருக்கு, வம்பன் என்றால் மிகப் பெரியது. அது வன்மையோடு தொடர்புடையதாக இருக்க இடமுண்டு. அந்த வன்மையிலிருந்தே தமிழின் சண்டை வம்பும் பிறந்திருந்தால் புதியவர் கதைக்கு இடமே இல்லை. இந்த வாய்ப்பை முற்றாக மறுக்க என்னிடம் சான்று இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தமிழில் வம்பு வலிமையையோ பெருமையையோ ஒருபோதும் சுட்டவில்லை. வலிமையிலிருந்து வந்த சொல்லாக இருந்தால் வம்பன் என்பவன் பலசாலியாகத் தோன்ற வேண்டும். தமிழ் வம்பனோ தன் பலத்தை நம்பாமல் அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைப்பவன். வம்பளத்தல் என்ற தொடரில் பலத்துக்கு என்ன வேலை? சொல்லின் சேர்க்கைகள் வன்மையின் பக்கம் நம்மை அழைத்துச் செல்லவில்லை.

இரண்டாவது கேள்வி இன்னும் வலுவானது. நிலையின்மையிலிருந்து பயனின்மை, பயனின்மையிலிருந்து வீண் பேச்சு, வீண் பேச்சிலிருந்து சண்டை என்று நேர்வழியாகவே பொருள் வந்திருக்கலாமே, வந்தவரை ஏன் நடுவில் கொண்டுவர வேண்டும்? வீண் வம்பு என்ற சேர்க்கை இதற்குத் துணை நிற்கிறது. இந்தப் படிகள் நடந்திருக்கும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அவை மட்டுமே போதுமானால், நம் பேச்சில் வம்பு ஏன் இத்தனை பிடிவாதமாகத் தெருவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? வீண் பேச்சைக் குறிக்கும் வெட்டிப்பேச்சு, அரட்டை போன்ற சொற்கள் தெருவில் போவதில்லை. யாரும் யாரையும் அரட்டைக்கு அந்த வகையில் இழுப்பதில்லை. வெட்டிப்பேச்சை விலைக்கு வாங்குவதில்லை. வம்பு மட்டும் வெளியிலிருந்து வருகிறது, தன்பாட்டில் போகிறது, தடுத்து நிறுத்தினால் ஒட்டிக்கொள்கிறது. வேர்ச்சொல் ஆராய்ச்சிக்கு இது போதிய சான்று ஆகாதுதான். ஆனால் பேசுகிறவர்கள் ஒரு சொல்லின் பழைய பொருளை மறந்த பின்னும், அந்தப் பொருள் நின்றிருந்த இடத்தை மறப்பதில்லை. மரம் போன பின்னும் அங்கே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை போன்றது இந்த வழக்கு.

மூன்றாவது கேள்வி பண்பாட்டைப் பற்றியது. யாதும் ஊர் என்று எண்ணியவர்களின் மொழியில் புதியவர் பழிக்கப்பட்டார் என்பது பொருந்துமா? பட்டினப்பாலை காட்டும் புகாரில் பல மொழி பேசுவோர் தம் நாடு விட்டு வந்து, உள்ளூராரோடு கலந்து இனிது வாழ்கிறார்கள். இந்தச் சான்று உண்மையானது, ஆனால் என் வாதத்தை வலுப்படுத்தவே செய்கிறது. அங்கே அவர்களைக் குறிக்கப் புலவர் எடுத்த சொல் வம்பு அன்று, புலம்பெயர் மாக்கள். தங்கி வாழ்ந்தவர்களுக்கு ஒரு பெயர், தங்காமல் கடந்தவர்களுக்கு மற்றொரு பெயர். அந்தப் புலம்பெயர்தல் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஈழத்தமிழரின் வாழ்வில் மீண்டும் உயிர்பெற்றது. போரால் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் தங்களைப் புலம்பெயர்ந்தோர் என்றே அழைத்துக்கொள்கிறார்கள். தம் நகர்வைத் தாமே சொல்லும்போது மனிதர்கள் இப்படிப்பட்ட சொல்லைத் தேர்கிறார்கள். பிறர் நகர்வைச் சொல்லும்போது வேறு சொல் வாயில் வருகிறது. இன்று அந்த இடத்தில் வந்தேறி இருக்கிறது. எத்தனை தலைமுறை ஆனாலும் வந்த நாளை மறக்கவிடாத சொல் அது. போன நாளைச் சொல்லாமல் வந்த நாளை மட்டும் சொல்லும் சொல். வம்பலர் என்பதில் இந்த நஞ்சு இருக்கவில்லை. செத்தவர் மேல் தழை போட்டவர்களின் மொழி அது. வந்தேறி என்று எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள், அச்சொல்லும் ஒருநாள் வம்பு போலத் திரும்பி வந்து சொன்னவர் மேலேயே உட்காரும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆழ்ந்த விருப்பம்.

சொன்னவர் என்றேன். இந்தச் சொல்லுக்கு எப்போதும் ஒரு சொல்கிறவர் தேவைப்பட்டார் என்பதற்கு வலுவான சான்று, தொடக்கத்தில் பருவம் தப்பிய மழை என்று ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்ட அந்த வம்ப மாரியில்தான் இருக்கிறது. அது வருவது குறுந்தொகையின் 66ஆம் பாடலில். கார்காலம் தொடங்கும்போது திரும்புவேன் என்று சொல்லிக் கல் நிறைந்த வழியில் பிரிந்துபோன தலைவன் இன்னும் வரவில்லை. மழை பெய்துவிட்டது, கொன்றை கிளை நிறையச் சரம் சரமாகப் பூத்துவிட்டது. தலைவியின் முகம் வாடுகிறது. தோழி பூத்திருக்கும் கொன்றைகளைக் காட்டி, இவை அறிவில்லாத மரங்கள் என்கிறாள். அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை. இது வம்ப மழை. இதைக் கார் என்று எண்ணி ஏமாந்து பூத்துவிட்டன என்கிறாள். பாட்டை மட்டும் படித்தால் தோழி சொல்வது உண்மை என்றே தோன்றும். ஆனால் பருவம் கண்டு வருந்திய தலைவியைத் தோழி இது பருவம் அன்று என்று சொல்லி ஆற்றியது என்கிறது பாட்டின் துறைக்குறிப்பு. பெய்தது கார்மழையேதான். நம்பியவர் வராத துயரைத் தாங்க முடியாமல், வந்த மழையை வம்பு ஆக்குகிறாள் தோழி. அன்பினால் சொன்ன பொய் அது, ஒரு பெண்ணை ஓர் இரவு தூங்க வைப்பதற்காக. அப்படியும் மழையில் மாற்றம் எதுவும் இல்லை. பருவத்தைச் சரியாக அறிந்து பூத்தவை, அறிவில்லாதவை என்று பழி கேட்ட அந்தக் கொன்றைகளே.